மலைமேல் வீடு, சுற்றிலும் காய்ந்த புல்: தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தலாமா? (லாஸ் கேட்டஸ், கலிஃபோர்னியா)

புதுவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சன்னிவேலில் அபார்ட்மென்டிலேயே காலம் தள்ளிவிட்டு, இந்தக் கோடையில் லாஸ் கேட்டஸுக்கு மேலே, லெக்ஸிங்டன் நீர்த்தேக்கத்தைத் தாண்டி மலைப்பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். எந்த நகராட்சிக்குள்ளும் வராத இடம். சான்டா கிளாரா கவுன்ட்டி நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் பகுதி என்று வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி ஓக் மரங்கள். கொல்லைக்குக் கீழே சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்.

அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். தை பிறந்த பிறகுதான் ஊருக்குத் திரும்புகிறார்கள். முதல் முறையாக மகனுக்குச் சொந்த மண் என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தீபாவளி அன்று விடியற்காலையில் பேத்தியின் கையில் மத்தாப்பு, கார்த்திகைக்குப் பின்பக்க மரத் தளத்தின் கைப்பிடி நெடுக அகல்விளக்கு, போகிக்குப் பழையதைக் கொளுத்துவது, பொங்கலன்று மூன்று செங்கல் வைத்து விறகடுப்பில் வெண்கலப் பானை என்று எல்லாவற்றையும் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். அப்பாவோ, "நம்ம வீடு, நம்ம நிலம், யார் கேட்கப் போறாங்க?" என்கிறார்.

ஜூலை மாதம் ஒரு நண்பர் கில்ராயில் வாங்கிய புஸ்வாணப் பெட்டி ஒன்று கேரேஜில் இருக்கிறது. அதில் அரசு முத்திரை உண்டு. இன்னொருவர் நெவாடா போய்வந்தபோது வாங்கிய ராக்கெட்டுகளையும் எங்கள் வீட்டில்தான் வைத்துவிட்டுப் போனார். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏதோ கருவி இரவல் கேட்டு வந்தார். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, கருவியைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். இந்த மலையில் எங்களுக்கு முதலில் அறிமுகமானவர் அவர்தான். அதுதான் மனதை உறுத்துகிறது.

கீழே ரோட்டில் தீ அபாயம் காட்டும் பலகையில் முள் சிவப்பை ஒட்டி நிற்கிறது. எரிப்பு அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்றும் படித்தேன். அது பட்டாசுக்கும் சேர்த்தா? கேஸ் அடுப்புக்குமா? சிமென்ட் டிரைவ்வேயில் நின்று இரண்டு மத்தாப்பு கொளுத்தினால் என்ன ஆகிவிடும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கிழக்குவிரிகுடா:

ரொம்ப யோசிக்காதீர்கள். நியூவார்க், யூனியன் சிட்டி, டப்ளின் எல்லாம் முத்திரை உள்ள பட்டாசுக்கு அனுமதி தந்த ஊர்கள்தான். நாங்கள் ஃப்ரீமாண்டில் வருஷாவருஷம் கேரேஜ் முன்னால் மத்தாப்பு கொளுத்துகிறோம், இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை. இப்போது தீபாவளி இந்த மாநிலத்தில் அதிகாரபூர்வ விடுமுறை வேறு. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தையைச் சந்தோஷப்படுத்துங்கள். நம் பண்டிகையை நாமே விட்டுக்கொடுத்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்?

---

போடிமெட்டு:

தம்பி, முதலில் பதில், அப்புறம் காரணம். உங்கள் வீட்டில் எந்தப் பட்டாசும் கொளுத்தக் கூடாது. முத்திரை இருந்தாலும் சரி, கம்பி மத்தாப்பானாலும் சரி. சான்டா கிளாரா கவுன்ட்டியில் முத்திரை உள்ள பட்டாசை அனுமதிக்கும் ஒரே ஊர் கில்ராய்தான். சான் ஹோசே, சன்னிவேல், லாஸ் கேட்டஸ் எங்கும் கிடையாது. நகராட்சிக்குள் வராத மலைப்பகுதியில் வருஷம் முழுவதும் முழுத் தடை. கில்ராயில் நியாயமாக வாங்கிய பெட்டிதான், ஆனால் மலை ஏறி உங்கள் வீட்டுக்கு வந்ததும் அதைக் கொளுத்துவது குற்றம்.

நான் சம்மிட் ரோடு பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் அக்கம்பக்கத்துத் தீத்தடுப்புக் குழுவில் வேலை செய்கிறேன். உங்களைப் போலப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் பட்டாசு இரண்டு வகை. தரையிலேயே நின்று பொரிகிற புஸ்வாணம் மாதிரியானவற்றுக்கு மாநிலத் தீயணைப்புத் தலைமை அதிகாரியின் முத்திரை இருக்கும். 'சேஃப் அண்ட் சேன்' என்று இங்கே சொல்வார்கள். இவற்றைக்கூட ஜூன் 28 நண்பகல் தொடங்கி ஜூலை 6 நண்பகல் வரைதான் கடைகளில் விற்கலாம், அதுவும் அனுமதித்த ஊர்களில் மட்டும். வானத்தில் ஏறுவது, வெடிப்பது, தரையில் தாறுமாறாக ஓடுவது என்றால் மாநிலம் முழுவதும் சட்டவிரோதம். ராக்கெட், சரவெடி, ரோமன் கேண்டில் எல்லாம் இதில் அடக்கம். 10 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கம்பி மத்தாப்பும் ஆபத்தானவை பட்டியலில்தான் வருகிறது. இவற்றைக் கொளுத்தவே வேண்டாம், வைத்திருந்தாலோ காரில் ஏற்றி வந்தாலோ போதும். 50,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம் என்று மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் ஒவ்வொரு கோடையிலும் எச்சரிக்கிறது. உங்கள் கேரேஜில் இருக்கும் நெவாடா ராக்கெட்டுகள் இந்த வகை. நண்பருடையது என்றாலும் இருப்பது உங்கள் வீட்டில்.

கிழக்குவிரிகுடா சொன்ன மூன்று ஊர்களும் அனுமதி தந்தவைதான், உண்மை. ஆனால் அந்த அனுமதி ஜூலை 4-ஐ ஒட்டிய சில நாள்களுக்கு. அவர் குடியிருக்கும் ஃப்ரீமாண்டில் எப்போதுமே தடை. ஒரு தெருவைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுகிற பிரதேசம் இது. அதனால் இன்னோர் ஊர்க்காரர் செய்வதைப் பார்த்து நாம் செய்ய முடியாது. விடுமுறை விஷயமும் அப்படித்தான். தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தில் ஆளுநர் நியூசம் 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அன்று கண் கலங்கியது. ஆனால் அந்தச் சட்டம் பட்டாசு விதியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

சட்டத்தை விடுங்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். நம் ஊரில் தீபாவளி ஐப்பசி அடைமழையில் வரும். பட்டாசு நமத்துப்போகுமே என்றுதான் கவலைப்பட்டிருக்கிறோம், வெயிலில் காயவைத்து எடுத்துவைப்போம். ஓலைக் கூரைகள் இருந்த காலத்திலும் தரையும் செடியும் ஈரமாக இருந்தன. இங்கே அப்படியே தலைகீழ். மழை ஏப்ரல், மே மாதத்தோடு நின்றுவிடும். அப்புறம் ஐந்தாறு மாதம் ஒரு சொட்டு இல்லை. ஐப்பசி வரும்போது புல்லும் புதரும் வருஷத்திலேயே மிக உலர்ந்த நிலையில் இருக்கும். அதே சமயம்தான் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று கிளம்பும். இங்கே டயாப்லோ காற்று என்பார்கள், தெற்கே சான்டா ஆனா. கீழே சான் ஹோசேயில் இலைகூட அசையாத இரவில் எங்கள் மலைமுகட்டில் மரங்கள் பேயாட்டம் ஆடும். சாதாரண இரவுகளில் காற்றில் ஈரப்பதம் கொஞ்சமாவது ஏறும், இந்தக் காற்றடிக்கும் இரவில் அதுவும் ஏறாது. விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அம்மா நினைப்பார். அந்தக் குளிரில் ஈரம் இருக்காது.

தேதிகளைப் பாருங்கள். நாபா, சோனோமா பக்கத்து ஊர்களை எரித்த தீ 2017 அக்டோபர் 8 இரவு தொடங்கியது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 18. பாரடைஸ் என்ற ஊர் 2018 நவம்பர் 8 காலையில் எரிந்தது, 85 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், நவம்பர் 6, நாம் தீபாவளி கொண்டாடினோம். அதைத் தொடங்கியது மின்கம்பி, பட்டாசு இல்லை. நான் சொல்ல வருவது நிலம் எந்த நிலையில் இருந்தது என்பதை. அந்த வாரத்தில் எந்தப் பொறி விழுந்திருந்தாலும் பற்றியிருக்கும். ஜூலை 4-க்காக எழுதப்பட்ட விதிகளை நம் பண்டிகைக்கு நீட்டிக்கக் கேட்பது எனக்குச் சரியாகப் படாததற்கு இதுவே காரணம். நம் தீபாவளி அதைவிட அபாயமான வாரத்தில் வருகிறது.

"இரண்டு மத்தாப்பு கொளுத்தினால் என்ன ஆகிவிடும்" என்று கேட்டீர்கள். 2018-இல் மென்டசினோ பக்கம் ரேஞ்ச் ஃபயர் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஒருவர் குளவிக் கூட்டை அடைக்க இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தபோது தெறித்த சூடான துணுக்கு காய்ந்த புல்லில் விழுந்ததுதான் காரணம் என்று கால் ஃபயர் விசாரணையில் கண்டுபிடித்தார்கள். முளையிலிருந்து தெறிக்கும் துணுக்கே அதற்குப் போதும் என்றால், மத்தாப்பு என்பது முழுக்க அதே பொறிகளால் ஆனது.

சரிவை மறந்துவிடாதீர்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் சுவாலை மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடும். உங்கள் வீடு சரிவுக்கு மேலே, புல் கீழே. 2018 மார்ச் 11 அன்று எங்கள் போடிக்குப் பக்கத்திலேயே குரங்கணி மலையில் மலையேறப் போன பிள்ளைகள் இருபது பேருக்கும் மேல் புல் தீயில் மாட்டிச் செத்தார்கள். நான் சின்ன வயதில் நடந்த பாதைகள் அவை. அந்தப் புல்லையும் உங்கள் கொல்லைப் புல்லையும் என்னால் வேறாகப் பார்க்க முடியவில்லை.

சான்டா குரூஸ் மலைக்குப் புதியவர் என்பதால் உள்ளூர்க் கதையும் சொல்கிறேன். 1985 ஜூலையில் லெக்ஸிங்டன் தீ உங்கள் பக்கத்து மலைகளையே எரித்து நாற்பது வீடுகள் போல அழித்தது. 2020 ஆகஸ்டில் மின்னல் இறங்கி, முகட்டுக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய 1,490 கட்டடங்கள் எரிந்தன. பிக் பேசினின் பழைய ரெட்வுட் காடும் அதில் கருகியது. போல்டர் கிரீக்கிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் அப்போது எங்கள் வீட்டில் தங்கியது. காலையில் காரைத் துடைக்கும்போது சாம்பலோடு கருகிய இலைகள் முழுசாக வந்து விழுந்திருக்கும், நரம்புகூடத் தெரியும். அந்த வீட்டுக்காரம்மா அவற்றைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கே எத்தனை வருஷம் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் ஏன் மாறியது என்று எனக்குப் புரிகிறது. எங்கள் சாலைகள் குறுகியவை. ஒரு வீட்டில் தீ என்றால் கீழே இறங்கும் கார்களும் மேலே ஏறும் தீயணைப்பு வண்டிகளும் ஒரே வழியில்தான் போக வேண்டும். உங்கள் கேரேஜில் பார்த்தது அவருக்குத் தன் வீட்டின் மேல் விழப்போகும் பொறியாகத்தான் தெரிந்திருக்கும். நாளைக்கே போய், "தெரியாமல் வைத்திருந்தோம், ஒப்படைக்கப் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. சொந்த நிலம்தான், ஆனால் கவனக்குறைவால் நம் நிலத்தில் தொடங்கிய தீ வெளியே போனால், அக்கம்பக்கத்து நஷ்டத்தோடு அணைத்த செலவையும் நம்மிடமே வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. விமானம், புல்டோசர், ஆள் கூலி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். குழந்தைகள் கொளுத்தினால் பெற்றோர் பொறுப்பு. ஆரிகனில் 2017 செப்டம்பரில் ஒரு 15 வயதுப் பையன் ஈகிள் கிரீக் பள்ளத்தாக்கில் ஒரு பட்டாசைத் தூக்கிப் போட்டான். ஏறக்குறைய 50,000 ஏக்கர் எரிந்தது. 36 மில்லியன் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2020 செப்டம்பரில் யுகைப்பாவில், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க ஒரு குடும்பம் புகைவெடி கொளுத்தியது. 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். அந்தத் தம்பதியும் கொண்டாடத்தான் போயிருந்தார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

தீபாவளி அன்று என்ன செய்வது என்று கேட்டால், விடியற்காலை எண்ணெய்க் குளியல், மருந்து, புதுத்துணி, பலகாரம், பூஜை எல்லாம் மலைமேல் நிறைவாகச் செய்யுங்கள். வாணவேடிக்கைக்குக் கீழே இறங்குங்கள். உரிமம் பெற்ற ஆட்களை வைத்து, தீயணைப்புத் துறையின் அனுமதியோடு நடத்தும் தீபாவளி நிகழ்ச்சிகள் இருக்கின்றன. பேத்தி பார்க்க வேண்டியது வெளிச்சம்தானே, அது அங்கே நிறையக் கிடைக்கும்.

---

புதுவீட்டுக்காரன்:

அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். குரங்கணி என்றதும் அமைதியாகிவிட்டார். தீபாவளி முடிவாகிவிட்டது, கொளுத்தப்போவதில்லை. ஆனால் கார்த்திகையும் போகியும் பொங்கலும்? பொங்கலுக்குள் மழை வந்துவிடும்தானே? கேஸ் அடுப்பில் வைத்தால் அது என்ன பொங்கல் என்று அம்மா கேட்கிறார்.

---

போடிமெட்டு:

அம்மா கேட்பது நியாயமான கேள்விதான். எனக்கும் விறகுப் புகை வாசம் இல்லாத பொங்கல் அரைப் பொங்கல்.

கார்த்திகையை முதலில் முடித்துவிடுவோம். மரத் தளத்திலும் கைப்பிடியிலும் அகல் வேண்டவே வேண்டாம். வீடுகள் பற்றுவது பெரும்பாலும் தூரத்துச் சுவாலையால் இல்லை, காற்றில் பறந்து வரும் கங்கு பலகை இடுக்கில், கூரைத் தண்ணீர்க் குழாயில் தேங்கிய சருகில் போய் உட்காருவதால். அதனால்தான் சுவரிலிருந்து முதல் ஐந்து அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்க வேண்டாம், 100 அடி வரை புல்லையும் புதரையும் குறைத்துவையுங்கள் என்று இங்கே சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இடத்தில் நாமே நெருப்பை வரிசையாக வைக்கலாமா? வீட்டுக்குள், திரைச்சீலை இல்லாத ஜன்னலோரம், தாம்பாளத்தில் மணல் பரப்பி அதன் மேல் அகல்களை வையுங்கள். வெளியிலிருந்து பார்க்க அழகாகவே இருக்கும். வாசலுக்கு பேட்டரி விளக்கு போதும். காற்று பலமாக அடிக்கும் நாள்களில் மின் நிறுவனம் முன்கூட்டியே கரண்டை நிறுத்திவிடும். அப்படி ஒரு நாளில் கார்த்திகை வந்தால் வெளியே ஒரு திரிகூட வேண்டாம், டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

போகி. பாய், துணி, பிளாஸ்டிக், மரச்சாமான் எதையும் இங்கே எரிக்க அனுமதியே கிடையாது, எந்த மாதமானாலும். அனுமதி கிடைப்பது காய்ந்த இலை, கிளை போன்ற தோட்டக் கழிவுக்கு மட்டும். கோடையில் அதையும் நிறுத்திவைப்பார்கள், நீங்கள் படித்த அறிவிப்பு அதுதான். மழை வந்து அனுமதியை மறுபடி திறந்த பிறகும், குவியல் நாலுக்கு நாலு அடிதான், சுற்றிலும் 10 அடிக்கு வெறும் மண் தெரியச் சுத்தம் செய்திருக்க வேண்டும், மண்வெட்டியும் தண்ணீரும் கையில், பெரியவர் ஒருவர் அணையும்வரை அங்கேயே. அதோடு காற்றுத் தர வாரியமும் அந்த வகை எரிப்பை அனுமதித்து, அன்றைக்கு எரிக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறது. பழைய துணியை யாருக்காவது கொடுங்கள். கிளைகளுக்கு, சான்டா கிளாரா கவுன்ட்டி ஃபயர்சேஃப் கவுன்சில் இயந்திரம் கொண்டுவந்து பொடியாக்கித் தருகிறார்கள், அதற்குப் பதிவு செய்யுங்கள்.

இனி பொங்கல். "மழை வந்துவிடும்தானே" என்றீர்கள். பெரும்பாலும் வந்துவிடும், தை மாதம் எங்கள் மலை பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் தேதியை நம்பாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸும் ஆல்டடீனாவும் எரிந்தது 2025 ஜனவரி 7 அன்று, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால். அங்கே அந்தப் பருவத்தில் மழையே சரியாகப் பெய்திருக்கவில்லை. நம் மலையிலேயே 2021 ஜனவரி 18, 19 தேதிகளில் பலத்த காற்று அடித்து வரிசையாகத் தீப்பிடித்தது. அவற்றில் சில முந்தைய ஆகஸ்டில் எரிந்த காட்டுக்குள் அதுவரை கனன்றுகொண்டிருந்த கங்கிலிருந்து கிளம்பியவை. ஐந்து மாதம், நடுவில் மழை, அப்படியும் உயிரோடு இருந்திருக்கிறது. 1991 அக்டோபரில் ஓக்லாந்து மலையில் 25 பேரைக் கொன்ற தீயும், முந்தைய நாள் அணைத்துவிட்டதாக நினைத்த தீ மறுபடி கிளம்பியதுதான்.

சட்டப்படி, சொந்த நிலத்தில் சமைக்கச் சின்னதாக நெருப்பு மூட்டுவதற்கு மாநிலம் முழுத் தடை போடவில்லை. காட்டுக்குப் பரவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அனுமதிச் சீட்டும் வேண்டும். இலவசம்தான், ஆன்லைனிலோ தீயணைப்பு நிலையத்திலோ வாங்கலாம். ஆனால் உள்ளூர் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம், அன்றைய நாளின் எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ளும். தீ வேகமாகப் பரவும் வானிலை என்று வானிலை மையம் ரெட் ஃபிளாக் எச்சரிக்கை விட்டிருந்தால் விறகு வேண்டாம். காற்றில் மாசு அதிகம் என்று காற்றுத் தர வாரியம் 'ஸ்பேர் தி ஏர்' அறிவித்த நாளிலும் விறகு எரிக்கத் தடை உண்டு, குளிர்கால மாதங்களில் அது அடிக்கடி வரும். அதனால் மார்கழி கடைசி வாரத்தில் உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், இந்த மாதிரி ஒரு பண்டிகை, மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு மணி நேரம் என்று சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கோபப்பட மாட்டார்கள். முன்கூட்டி வந்து கேட்கிறவர்களை அவர்களுக்குப் பிடிக்கும்.

சரி என்றால், சிமென்ட் தரையில், தலைக்கு மேல் கிளை இல்லாத இடத்தில் அடுப்பைப் போடுங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு விறகை வையுங்கள். ஓலை, சுள்ளி, காகிதம் வேண்டாம், அவைதான் பறக்கும். பால் பொங்கி இறக்கியதும் சாம்பலில் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரியும்வரை விடாதீர்கள். சாம்பலைக் குப்பைத் தொட்டியில் அன்றைக்கே கொட்டவும் கூடாது.

அனுமதி இல்லை என்றால் திருகி நிறுத்தக்கூடிய கேஸ் அடுப்பை அதே சிமென்டில், கிழக்குப் பார்த்து வையுங்கள். கோலம், கரும்பு, மஞ்சள் கொத்துக் கட்டிய வெண்கலப் பானை, சூரியன் எல்லாம் இருக்கும். நாங்கள் பல வருஷம் அப்படித்தான் வைத்திருக்கிறோம், பால் எல்லா வருஷமும் பொங்கியது. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கவுன்ட்டியின் அலர்ட் எஸ்.சி.சி. எச்சரிக்கைச் சேவையில் வீட்டில் இருக்கும் எல்லோருடைய கைபேசியையும் பதியுங்கள், பெரியவர்களுடையதையும். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியேறச் சொன்னால் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

---

வெம்பக்கோட்டை:

சிவகாசிப் பக்கம் எங்கள் ஊர். குடும்பத்தில் பாதிப் பேர் பட்டாசுத் தொழிலில்தான். இப்போது சாக்ரமென்டோவில் இருக்கிறேன். பட்டாசு எங்களுக்குச் சோறு போட்டது, அதனால் அதை வெறுத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அக்கா சொல்வதுதான் சரி.

கம்பி மத்தாப்பைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறோம். கம்பியில் தோய்க்கும் கலவையில் இரும்புத் தூள், அலுமினியத் தூள், பேரியம் நைட்ரேட் இருக்கும். நாம் பார்க்கும் பூப்பூவான பொறி ஒவ்வொன்றும் எரிகிற இரும்புத் துகள். அதன் சூடு 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். எரிந்து முடிந்த கம்பியும் நெடுநேரம் சுடும், இருட்டில் சிவப்புத் தெரியாது. குழந்தைகள் அதைத்தான் புல்லில் எறிவார்கள். புஸ்வாணப் பொறி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பித்தான் விழுகிறது, மலைக்காற்றில் அது டிரைவ்வேயிலேயே விழும் என்று யாரால் சொல்ல முடியும்? வாளித் தண்ணீர் கையில் இருக்கிற கம்பியை அணைக்கும், சரிவில் விழுந்த பொறியைத் தேடிப் போகாது.

எங்கள் ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுத்தான் கட்டுவோம். ஒன்றில் தீப்பிடித்தாலும் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக. அந்த இடைவெளியில் புல் முளைக்க விடமாட்டோம். மலையில் 100 அடி சுத்தம் செய்யச் சொல்வதும் இதே கணக்குதான்.

பண்டிகையை விட்டுக்கொடுப்பதாகச் சிலர் வருத்தப்படுகிறீர்கள். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டிலேயே தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான். நம் ஊரே தன் நிலைமைக்குத் தக்கபடி வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது.

---

கிழக்குவிரிகுடா:

அக்கா, நீங்கள் எழுதிய தேதிகளை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. மலைப்பகுதிக்கு நான் சொன்னது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் மிஷன் பீக் அடிவாரப் புல்தான். ஃப்ரீமாண்ட் விதியையும் ஒழுங்காகப் படிக்கிறேன்.

---

புதுவீட்டுக்காரன்:

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். 1985 தீயின்போது இங்கேயே இருந்திருக்கிறார். நெடுநேரம் பேசினார். கொல்லைச் சரிவில் புல் வெட்ட அவருடைய இயந்திரத்தைத் தருகிறேன் என்றார், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மட்டும்தான் வெட்ட வேண்டும், கல்லில் பிளேடு பட்டால் பொறி பறக்கும் என்றும் சொன்னார். கடைசியாக ஒரு கேள்வி. அந்த இரண்டு பெட்டிகளையும் என்ன செய்வது? நனைத்துக் குப்பையில் போட்டுவிடலாமா?

---

போடிமெட்டு:

குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரி உள்ளே நசுக்கும்போது பற்றிக்கொள்ளும், அந்த டிரைவர் உயிருக்கு ஆபத்து. கொளுத்தித் தீர்த்துவிடலாம் என்றும் யாரும் யோசனை சொல்லக் கூடாது. தீயணைப்பு நிலையத்தின் சாதாரண எண்ணுக்கு, 911-க்கு இல்லை, போன் செய்து என்ன வகை, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அதுவரை வாட்டர் ஹீட்டர், பெட்ரோல் கேன், புல்வெட்டி இயந்திரம் எதற்கும் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாமல், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். ராக்கெட் வைத்துவிட்டுப் போன நண்பரிடமும் பேசுங்கள், அவர் வீட்டில் இன்னும் இருந்தாலும் இருக்கும்.

புல்வெட்டி பற்றிப் பெரியவர் சொன்னது ரொம்பச் சரி. காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள், காற்றடிக்கும் நாளில் தொடவே வேண்டாம். சரிவில் கல் அதிகம் என்றால் இயந்திரத்தை விட்டுவிட்டு நைலான் கயிறு சுற்றும் வெட்டியை எடுங்கள்.